மான்ட்ரியல் விகாரையில் கந்தரோடை

மான்ட்ரியலில் நடந்த கருத்தரங்கில் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். சோழநாட்டு வயல்களில் கிடக்கும் புத்தர் சிலைகளைப் பற்றிப் பேசினேன். ஒரு ஊரில் அவருக்குச் செட்டியார் என்று பெயர், இன்னொரு ஊரில் முனி, வேறொரு ஊரில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது அவர்தான் ஸ்டம்பு. படங்களைக் காட்டினேன், சிரித்தார்கள், கை தட்டினார்கள். கும்பகோணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவளுக்கு அது போதும். அதன் பிறகு பத்து நாள் விடுமுறை. தம்பி குமார் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அடுக்ககத்தில் இருந்தான். கம்ப்யூட்டர் வேலை. அவன் வீட்டில் தங்கினேன்.

மான்ட்ரியல் ஒரு தீவு என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். நான்கு பக்கமும் ஆறு. ஊருக்குள் நடந்தால் தீவென்றே தோன்றாது. பாலங்களில் ஏறும்போதுதான் நினைவு வரும். இந்தத் தீவில் எத்தனை புத்தர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு ஆசை வந்தது. வியட்நாம், கம்போடியா, லாவோஸ், இலங்கை என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு கோயில் வைத்திருந்தார்கள்.

"ஊர்ல பாத்ததெல்லாம் பத்தாதாக்கா?" என்றான் குமார். பஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

முதல் நாள் சரியான எண்ணுள்ள பஸ்ஸில் தவறான பக்கத்தில் ஏறினேன். கிழக்குக்குப் பதில் மேற்கு. கடைசி நிறுத்தத்தில் என்னையும் ஓட்டுநரையும் தவிர யாரும் இல்லை. அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் ஓர் ஆப்பிளை எடுத்துப் பொறுமையாகத் தின்று முடித்தார். பிறகு வந்த வழியே திருப்பிக் கொண்டுவந்து, நான் ஏறிய இடத்துக்கு எதிரிலேயே இறக்கிவிட்டார். ஒரு புத்தரையும் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று மாலை சாப்பாடு கொண்டுவந்தவர்தான் ராணி அக்கா. முழுப் பெயர் யோகராணி. யாழ்ப்பாணத்துக்காரர். குமாரைப் போல் சமைக்கச் சோம்பல்படும் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாரத்தில் ஐந்து நாள் சமைத்து, தன் பழைய காரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தக் காரின் இருக்கையில் உட்கார்ந்தாலே தேங்காய்ப்பாலும் பெருஞ்சீரகமும் மணக்கும். அன்று புட்டும், தேங்காய்ப்பாலில் செய்த சொதியும். எங்கள் பக்கத்துப் புட்டு உதிரும், இது பிடித்த பிடியில் நிற்கும். சொதியை நான் முதலில் மோர்க்குழம்பு என்று நினைத்துவிட்டேன்.

என் பஸ் கதையைக் குமார் அவரிடம் சொல்லிச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வீடு செயின்ட்-மிஷேலில், அவருடைய தெருவிலேயே ஒரு வியட்நாம் கோயில் இருக்கிறது என்றார். பத்து வருடமாக அதைத் தாண்டித்தான் போய் வருகிறாராம். உள்ளே போனதில்லை.

"மத்தியானச் சாப்பாடு குடுத்து முடிய வாறன், ரீச்சர். றெடியா நில்லுங்கோ" என்றார்.

நான் எவ்வளவு சொல்லியும் கடைசி வரை பெயர் சொல்லி அழைக்கவில்லை, டீச்சர் என்பதை அவர்கள் சொல்கிற விதத்தில் ரீச்சர்தான். அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர்.

வியட்நாம் கோயிலின் முற்றத்தில் வெள்ளை நிறத்தில் ஓர் அம்மன் நின்றாள். நமக்கு அவலோகிதேசுவரர் என்கிற ஆண் போதிசத்துவர், அவர்களுக்குப் பெண். கையில் குடுவை. காலடியில் உதிர்ந்த மேப்பிள் இலைகளை யாரோ கூட்டிக் குவித்திருந்தார்கள். உள்ளே பெரிய புத்தரின் தலைக்குப் பின்னால் சீரியல் பல்புகள் சுற்றிச் சுற்றி எரிந்தன. திருவிழாவில் நம்மூர் மாரியம்மனுக்குப் போடுவதைப் போலவேதான். மொட்டையடித்த ஒரு பெண் துறவி தூசி உறிஞ்சும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிரெஞ்சில் கேட்டதை ராணி அக்கா எனக்குச் சொன்னார். அக்காவுக்குப் பிரெஞ்சு நன்றாக வந்தது. தையல் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை செய்து பழகியதாம்.

நீண்ட மேசையில் உட்காரவைத்துச் சோறும் கீரையும் வறுத்த மீனும் வைத்தார்கள். நான் தயங்கினேன். அக்கா கடித்துப் பார்த்து, இது சோயாவில் செய்த மீன் என்று கண்டுபிடித்தார். எப்படிச் செய்கிறார்கள் என்று சமையலறைக்கே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே சரியாக அரை மணி நேரம் இருந்தார். நான் அந்த நேரத்தில் பதினான்கு சிலைகளைப் படமெடுத்துவிட்டேன்.

மறுநாள் கம்போடியர்களின் கோயில். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி வீடு. உள்ளே ஐந்து தலை நாகத்தின் மேல் புத்தர் உட்கார்ந்திருந்தார். ஒரு பிக்கு சத்தத்தைக் குறைத்துவைத்துத் தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தலையசைத்துவிட்டு மறுபடி ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். அக்கா அங்கேயும் தாராளமாகச் சுற்றி வந்தார். ஊதுவத்தி கூட ஏற்றினார். எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் திரும்பும் வழியில் யோசிக்காமல் கேட்டேன். பியர்பொன்ட்ஸில் சிங்களவர்களின் விகாரை ஒன்று இருப்பதாகக் குமார் இணையத்தில் பார்த்துச் சொன்னான், சனிக்கிழமை போகலாமா என்று.

அவர் அடுத்த சிக்னலில் காரை நிறுத்தினார்.

"கொண்டுபோய் விடுறன். நான் காருக்க இருக்கிறன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். அதற்கு அவர், பியர்பொன்ட்ஸுக்கு பஸ்ஸில் போனால் நான் வேறு மாகாணத்தில்தான் இறங்குவேன் என்றார். பிறகு அவராகவே சொன்னார். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியாவில் சோதனைச் சாவடி வரிசையில் அரை நாள் நின்றிருக்கிறார். அங்கே ஓர் அரசமரம், அதன் கீழ் ராணுவம் வைத்த புத்தர். மணல் மூட்டைகளுக்கு நடுவில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதாகச் சொன்னார்.

"எனக்குப் புத்தரோட கோவமில்லை, ரீச்சர். அவரை அங்க கூட்டிக்கொண்டு வந்தவையோடதான்."

இலங்கையில் அப்போது போர்நிறுத்தம். பேச்சுவார்த்தை நடந்து, நின்று, நடக்குமா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

சனிக்கிழமை நல்ல குளிர். தீவின் மேற்கு ஓரம் வரை போனோம். வீடுகளுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. விகாரை என்பது ஒரு சாதாரண ஒற்றை மாடி வீடு. வாசலில் ஐந்து நிறப் பௌத்தக் கொடி தொங்கியதால் கண்டுபிடித்தோம். அக்கா காரை எதிர்ப்பக்கம் நிறுத்தி, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிக்குவுக்கு நாற்பது வயது இருக்கும். காவி உடைக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர், காலில் கம்பளி சாக்ஸ். ஆங்கிலத்தில் அன்பாகப் பேசினார். அனுராதபுரத்துச் சாயலில் ஒரு தியானச் சிலை. நடுக்கூடத்துச் சுவர் முழுவதும் இலங்கையின் புராதன இடங்கள், சட்டம் போட்ட வண்ணப் படங்களாக. பொலன்னறுவையின் கிடந்த புத்தர், மிகிந்தலைப் படிகள், தாகபைகள் என்கிற பெரிய தூபிகள். நான் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றார், மூக்கு சிவந்திருந்தது. விளக்கை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்ததில் பேட்டரி இறங்கிவிட்டது. கார் உயிரில்லாமல் கிடந்தது. பிக்கு கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு பேட்டரிக்கு உயிர் கொடுக்கிற கேபிளை இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்றார்கள். பிக்கு அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில் உள்ளே வரச் சொன்னார். அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிக்குவும் உடனே பிரெஞ்சுக்கு மாறினார்.

பிறகு நடந்ததில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஒரே நாட்டில் பிறந்த இரண்டு பேர், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல், மான்ட்ரியலின் மூக்கால் பேசும் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் இருவருமே சிரித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்துகிற பிரெஞ்சு வகுப்பில் இரண்டு பேருமே படித்தவர்களாம், இருவருக்கும் வாய்த்த ஆசிரியைகள் ஒரே மாதிரி கடுமையானவர்களாம். அது பிறகு தெரிந்தது.

அக்கா வாசல் மிதியடியைத் தாண்டவில்லை. பிக்கு தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றே குடித்தார். அப்படி நின்ற இடத்திலிருந்து சுவர் தெரிந்தது. கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகக் கடைசிப் படத்துக்குப் போனார்.

சின்னச் சின்னத் தூபிகள், கவிழ்த்துவைத்த சட்டிகளைப் போல இருபது இருக்கும். பின்னால் பனைமரங்கள். அடியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் 'கதுருகொட' என்று எழுதியிருந்தது. அதைப் பற்றி நான் படித்திருக்கிறேன். என் கட்டுரையிலேயே ஓர் அடிக்குறிப்பு உண்டு. யாழ்ப்பாணத்துக் கந்தரோடை. அதைக் கட்டிய பௌத்தர்கள் தமிழர்களா சிங்களவர்களா என்று இரண்டு பக்கமும் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள்.

"இது எங்கட ஊர்" என்றார் அக்கா, என்னைப் பார்த்து. பிக்குவிடம் பிரெஞ்சில் அதையே சொல்லியிருக்க வேண்டும். 'கந்தரோடை' என்ற சொல் என் காதில் விழுந்தது. பிக்கு 'கதுருகொட' என்றார். அக்கா தலையை ஆட்டி மறுபடி கந்தரோடை என்றார். மணிமேகலையில் தொடங்கி ஒரு முழு விரிவுரை என் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அக்காவின் விரல் தூபிகளில் இல்லை. படத்தின் வலது மூலையில் தெரிந்த ஓர் ஓட்டுக் கூரையின் மேல் இருந்தது. கூரை முகட்டில் சிமெண்டில் செய்த ஒரு சேவல், தலை இல்லாமல்.

பக்கத்து வீட்டுக்காரர் கேபிளோடு வந்து கார் கிளம்பிய பிறகுதான் அக்கா முழுவதும் சொன்னார். அவருடைய அப்பா கொத்தனார். வீடு கட்டி முடித்த சந்தோஷத்தில் முகட்டில் சேவல் ஒன்று செய்து வைத்தார். அதன் தலையைக் கவணால் அடித்து உடைத்தது தம்பி சிவநாதன். தூபிகளின் மேல் ஏறி உட்கார்ந்துதான் அக்காவும் தம்பியும் பாடம் படித்தார்கள். அக்கா கனடாவுக்கு வந்து மூன்றாம் வருடம், கந்தரோடை இருக்கிற வலிகாமத்துச் சனங்கள் எல்லாரும் ஒரே இரவில் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. சிவநாதன் வன்னிப் பக்கம் போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு எட்டு வருடமாகக் கடிதமில்லை. போன வருடம் போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து, தெரிந்தவர்கள் பலர் ஊருக்குப் போய் வந்தார்கள். ஒருவரிடமும் அவர் விசாரிக்கவில்லை.

"ஏன்க்கா?"

"விசாரிச்சால் மறுமொழி வரும், ரீச்சர்."

காரை நெடுஞ்சாலையில் திருப்பினார்.

"ஆனா படத்தில கொடியில ஒரு சாரம் காயுது, பாத்தனீங்களே? பச்சைச் சாரம். ஆரோ அந்த வீட்டில இருக்கினம்" என்றார். லுங்கியைத்தான் அவர்கள் சாரம் என்பார்கள்.

படம் எடுத்தவர் சுனில் என்ற பக்தர், பாதை திறந்ததும் யாத்திரை போனவர், ஞாயிற்றுக்கிழமை பிக்குவுக்கு உணவு படைக்கிற தானத்துக்கு வருவார் என்று பிக்கு சொல்லியிருந்தார். அக்கா என்னிடம் கேட்கவே இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு வாறன் என்று மட்டும் சொல்லி இறக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விகாரை நிறையச் செருப்புகள். பால்சோறு சமைத்திருந்தார்கள், சதுரம் சதுரமாக வெட்டி, மேலே சிவப்பாக மிளகாய்ச் சம்பல். சுனில் ஐம்பதைத் தாண்டியவர், மின்சார வேலை செய்கிறவர். பிக்கு முன்னரே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் ஒரு பழைய காகித உறையோடு வந்திருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. படத்தின் கீழுள்ள பெயரைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அது இரண்டாயிரம் வருடத்துச் சிங்கள பௌத்த இடம் என்று ஆங்கிலத்தில் என்னிடம் ஆரம்பித்தார். எனக்கும் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "அது பேந்து பாப்பம், ரீச்சர். அந்த வீட்டில ஆர் இருக்கினம் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். சுனில் அக்காவைப் பார்த்தார். பிறகு அவர் குரல் மாறிவிட்டது. நல்ல வெயிலாம். ஒரு பஸ் நிறைய ஆட்கள். அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று ராணுவத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தாகம் தாங்கவில்லை, அதனால் போனார்கள். ஒரு பெண் கிணற்றில் வாளி வாளியாக இறைத்துக் கொடுத்தாள். காசு நீட்டியபோது தலையை ஆட்டினாள். அவருடைய கேமராவைக் காட்டித் தன்னையும் குழந்தையையும் எடுக்கச் சொன்னாள். படத்தை அனுப்ப வேண்டும் என்று சைகை செய்து, பள்ளிக்கூட நோட்டுத் தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தாள்.

அனுப்பினீர்களா என்று கேட்டேன்.

இல்லை என்றார். விலாசம் தமிழில் இருந்தது. யாரிடமாவது காட்டி வாசிக்கலாம் என்று வைத்திருந்தாராம். "என்னோடு வேலை செய்கிறவர்களில் மூன்று பேர் தமிழர்கள். ஏனோ கேட்கவில்லை" என்றார்.

இதை நான் மொழிபெயர்த்தபோது அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

சுனில் உறையிலிருந்து படத்தை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். முப்பது வயதுப் பெண், கையில் வாளி, அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை. அக்கா வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இவவை எனக்குத் தெரியாது" என்றார். படத்தை மேசையில் வைத்தார். "ஆரோ இடம்பெயர்ந்து வந்து இருக்கினம்போல. நல்லது. வீடு சும்மா கிடக்காமல் இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார். போகலாம் என்று எனக்கு ஜாடை காட்டினார். சுனில்தான் அவசரமாக அந்தத் தாளையும் நீட்டினார். இத்தனை நாளாகிவிட்டது, இதில் என்ன எழுதியிருக்கிறதென்று மட்டும் சொன்னால் படத்தை அனுப்பிவிடுவேன் என்றார்.

நாலாக மடித்த தாள். அக்கா நின்றபடியே வாசித்தார், வேறு யாருக்கோ வாசித்துக் காட்டுவதைப் போல, ஒவ்வொரு சொல்லாக. "கமலாதேவி சிவநாதன். பிள்ளையார் கோயிலடி. கந்தரோடை. சுன்னாகம்."

முடித்துவிட்டு முதல் வரிக்குத் திரும்பினார். அந்த வரியிலேயே நின்றார். பக்கத்தில் இருந்த நாற்காலியை நான் இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார்.

"சிவநாதன்" என்றார். "ரீச்சர், இவன் கலியாணம் கட்டியிருக்கிறான்."

அந்தப் படத்தை மறுபடி கையில் எடுத்தார். இந்த முறை பெண்ணை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். நெற்றி, காது, கால் விரல் வரைக்கும் பார்த்தார். அழவில்லை. கூடத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் எப்படியோ பரவிவிட்டது. ஓர் அம்மாள் ஒரு தட்டில் பால்சோறு கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். எங்கட பொங்கலுக்குச் சர்க்கரை போட மறந்தால் இப்படித்தான் இருக்கும் என்று பிறகு காரில் அக்கா சொன்னார். ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

சுனில் புதிய உறை ஒன்று கேட்டு வாங்கினார். இலங்கைத் தபாலுக்கு ஆங்கிலத்திலும் விலாசம் வேண்டும் என்று என்னை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கந்தரோடை என்று தன் கையால், பெரிய எழுத்துகளில், மெதுவாக எழுதினார். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தப் பெயர் போட்டால்தானே போய்ச் சேரும்" என்றார்.

சுவரில் இருந்த படத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதைப் பற்றி எனக்கு உள்ளூர வருத்தம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அக்கா உறைக்குள் வைக்க ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். பிக்கு தாளும் பேனாவும் கொடுத்துத் தன் அறையைத் திறந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது தாளில் நான்கு வரிதான் இருந்தது. நான் வாசிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து ஊருக்குக் கிளம்பினேன். விமான நிலையத்துக்கு அக்காதான் கொண்டுவந்து விட்டார். வழிக்கு இடியப்பமும் சம்பலும் பொதி கட்டிக் கொடுத்தார். பாதுகாப்புச் சோதனையில் அதைப் பிரித்துப் பார்த்த பெண் முகர்ந்துவிட்டு, இது என்ன சாப்பாடு, எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். விமானத்தில் உட்கார்ந்து அக்காவைப் பற்றி நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. சுனில் அந்தப் படத்தை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு விலாசத்தில் பெயர் இருப்பதும் ஆள் இருப்பதும் ஒன்றல்ல.

கும்பகோணத்தில் மார்கழி பிறந்து, கோயில் ஒலிபெருக்கிகள் விடியற்காலையிலேயே எழுப்பிவிடுகிற நாட்களில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. குமாராக இருக்கும் என்று எடுத்தேன். ராணி அக்கா. அவன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

"கடிதம் வந்திட்டுது, ரீச்சர்."



சிவநாதன் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். வன்னியில் கல்யாணம் செய்துகொண்டு, பாதை திறந்த மாதமே வீட்டுக்குத் திரும்பிவிட்டான். ஊரை விட்டு ஓடும்போது அக்காவின் கனடா விலாசம் தொலைந்துபோனது. அக்காவிடம்தான் வீட்டு விலாசம் இருக்கிறதே, அது மாறவில்லையே, எட்டு வருடமாக ஏன் ஒரு வரி எழுதவில்லை, செத்துப்போனான் என்று நீயாக முடிவு செய்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறான். நலமா என்றுகூடக் கேட்கவில்லையாம். முதல் வரியிலேயே ஆரம்பித்துவிட்டானாம்.

"ஒண்டரைப் பக்கம், ரீச்சர். ஒண்டரைப் பக்கமும் ஏச்சுத்தான்" என்றார் ராணி அக்கா. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. "இருங்கோ, வாசிக்கிறன்" என்று சொல்லி, கனடாவிலிருந்து கும்பகோணத்துக்கு அந்த ஏச்சு முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டினார்.